ஆயாவின் பன்னிரண்டு நாள்

எங்கள் வீட்டு அடுப்படிச் சுவரில் ஒரு மாதக் காலண்டர் தொங்குகிறது. நகைக்கடையில் கொடுத்தது. பால் வாங்காத நாளில் அந்தத் தேதியைச் சுற்றி ஒரு வட்டம் போடுவேன். மாதக் கடைசியில் வட்டங்களை எண்ணி, அத்தனை நாள் காசைக் கழித்துக்கொண்டு மீதியைப் பால்காரரிடம் கொடுப்பேன். என் அம்மா அப்படித்தான் செய்தார், நானும் அப்படியே செய்கிறேன். இதில் யாருக்கும் மனத்தாங்கல் வந்ததில்லை.

2022-ல் அந்தக் காலண்டரில் பெருக்கல் குறியும் சேர்ந்துகொண்டது. அது ஆயாவுக்கு உரியது. அவர் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளாத நாளுக்கு ஒரு பெருக்கல் குறி. மாதக் கடைசியில் வட்டங்களை எண்ணும்போது இவற்றையும் எண்ணுவேன்.

நான் சேத்தியாத்தோப்பு போகும் வழியில் உள்ள ஒரு ஊரில் அரசுப் பள்ளி ஆசிரியை. கணவருக்கு ஓசூரில் வேலை, மாதம் ஒருமுறை வருவார். மகப்பேறு விடுப்பு முடிந்து பள்ளிக்குத் திரும்பவேண்டிய நாள் நெருங்கியபோது, ஸ்ரீமுஷ்ணத்தில் பிள்ளையை யாரிடம் விடுவது என்ற கேள்வி வந்தது. காலை எட்டேகால் பஸ்ஸைப் பிடித்தால் சாயங்காலம் ஐந்தரைக்குத்தான் வீடு. அங்கன்வாடி அதற்கு வெகு முன்பே மூடிவிடும், தவிர கைக்குழந்தையை அங்கே விட முடியாது. கோயிலுக்குத் தெற்கே இரண்டு தெரு தள்ளி, ஓட்டு வீட்டில் ஒரு அம்மா பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறார் என்று சக ஆசிரியை ஒருவர் சொன்னார். போய்ப் பார்த்தேன். கம்பி போட்ட திண்ணை, உத்தரத்தில் இரண்டு தூளி, ஓரமாக ஒரு மண்பானை. மூன்று பிள்ளைகள் ஏற்கெனவே இருந்தார்கள். மாதம் 2,500 ரூபாய். பாலும் மாற்றுத்துணியும் நாம் கொடுத்துவிட வேண்டும், மதியச் சோறு அவர் ஊட்டுவார். அவ்வளவுதான் ஒப்பந்தம். எழுத்தும் இல்லை, கையெழுத்தும் இல்லை.

என் மகள் அவரை ஆயா என்று கூப்பிடக் கற்றுக்கொண்டாள். நாங்களும் அப்படியே கூப்பிட்டோம். எங்கள் கடலூர்ப் பக்கத்தில் ஆயா என்றால் பாட்டி. அம்மாவைப் பெற்றவளும் ஆயா, அப்பாவைப் பெற்றவளும் ஆயா. அங்கன்வாடியில் சோறாக்கும் உதவியாளரும் ஆயா, பள்ளியில் மணியடித்துப் பெருக்குகிறவரும் ஆயா, ஆஸ்பத்திரியில் கட்டில் துணி மாற்றுகிறவரும் ஆயா. முதல் ஆயா நம் ஊர்ச் சொல், ஆய் என்ற தாயிலிருந்து வந்தது. இரண்டாவது ஆயா போர்ச்சுகீசியர் விட்டுப்போன சொல். அவர்கள் மொழியில் பிள்ளை வளர்க்கும் செவிலிக்கு ஆயா என்று பெயர். அது வெள்ளைக்காரர் வீடுகள் வழியாக இந்தியா முழுக்கப் பரவியது. இரண்டும் தமிழில் ஒரே ஒலியாகிவிட்டன. இது எங்களுக்கு எவ்வளவு வசதியாகப் போயிற்று என்பது பிறகுதான் புரிந்தது. சம்பளம் கொடுக்கும்போது அவர் இரண்டாவது ஆயா. லீவு என்று வரும்போது முதல் ஆயா. பாட்டிக்கு ஏது லீவு?

முதல் மே மாதம் வந்தது. எனக்குக் கோடை விடுமுறை. பிள்ளையை நானே பார்த்துக்கொள்ளலாம். ஏப்ரல் கடைசியில், "ஜூன்ல வர்றோம் ஆயா" என்று சொல்லிவிட்டு வந்தேன். அவர் தலையாட்டினார். மற்ற மூன்று பிள்ளைகளில் இரண்டு பேர் பாட்டி வீட்டுக்குப் போய்விட்டார்கள். ஒரே ஒரு பிள்ளை மட்டும் வந்துகொண்டிருந்தது. அந்த மே மாதச் சம்பளம் என் வங்கிக் கணக்கில் வழக்கம்போல் முழுதாக ஏறியது.

ஜூனில் பள்ளி திறந்ததும் பிள்ளையை விடப் போனேன். மகள் தாவிக்கொண்டு போனவள், அவர் கன்னத்தைத் தொட்டதும் முகத்தைச் சுளித்தாள். "ஆயா கை குத்துது" என்றாள். அப்போதுதான் பார்த்தேன். விரல் நுனிகள் கறுத்து, தோல் உரிந்து, பாளம் பாளமாக வெடித்திருந்தன. ஆண்டிமடம் பக்கத்திலிருந்து வந்த முந்திரிக்கொட்டையை உடைக்கப் போயிருக்கிறார். எங்கள் பக்கத்துக்காரர்களுக்கு அந்தக் கையைப் பார்த்தாலே தெரியும். கொட்டையின் ஓட்டுக்குள் இருக்கும் எண்ணெய் தோலை அரித்துவிடும். சாம்பலைத் தொட்டுக்கொண்டும் எண்ணெய் பூசிக்கொண்டும் உடைப்பார்கள், அப்போதும் அரிக்கும். அந்த ஒற்றைப் பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டே வீட்டுக்குக் கொண்டுவந்து உடைத்தாராம்.

"எதுக்கு ஆயா?" என்று கேட்டேன்.

"மே மாசம் சோறு திங்கணுமில்ல டீச்சர்" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

அன்றைக்கு எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. தேங்காயெண்ணெய் வாங்கிக் கொடுத்தேன்.

அந்த ஆவணியில் அவருடைய அம்மா விருத்தாசலம் பக்கத்துக் கிராமத்தில் இறந்துபோனார். திங்கட்கிழமை விடிகாலை தகவல் வந்து அவர் கிளம்பிவிட்டார். நாங்கள் நான்கு வீட்டுக்காரர்களும் திண்டாடினோம். நான் இரண்டு நாள் லீவு போட்டேன், என் மாமியார் மூன்று நாள் வந்து பார்த்தார், மிச்ச நாட்கள் பக்கத்து வீடு, எதிர்வீடு என்று ஓடியது. பதினோராம் நாள் வியாழக்கிழமை காலை ஆயா வந்து கதவைத் திறந்துவிட்டார். பதினாறாம் நாள் கருமாதிக்குக்கூடக் காலையில் பக்கத்து வீட்டுப் பெண்ணைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டுப் போய், மூன்று மணிக்கெல்லாம் திரும்பிவிட்டார்.

மாதக் கடைசியில் காலண்டரை எடுத்தேன். ஞாயிறு போக ஒன்பது பெருக்கல் குறிகள். 2,500-ஐ 26-ஆல் வகுத்தால் ஒரு நாளுக்கு 96 ரூபாய் சொச்சம். ஒன்பது நாளுக்கு 865. அதைக் கழித்து 1,635 ரூபாயைக் கொடுத்தேன். முப்பத்தைந்து ரூபாயைச் சில்லறையாக எண்ணி வைத்தது இன்றும் நினைவிருக்கிறது. அவர் எண்ணாமல் வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டார். ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அதே வாரம் பள்ளியில் என் லீவுக் கணக்கைப் பார்த்தேன். ஆண்டுக்குப் பன்னிரண்டு நாள் தற்செயல் விடுப்பு. மருத்துவ விடுப்பு தனி, ஈட்டிய விடுப்பு தனி, மத விடுப்பு மூன்று நாள் தனி. தமிழ்நாட்டு அரசு ஊழியருக்கு மகப்பேறு விடுப்பு 2011-ல் ஆறு மாதமாகி, 2016-ல் ஒன்பது மாதமாகி, 2021 ஜூலை முதல் பன்னிரண்டு மாதம். அதன் பலனை முழுதாக அனுபவித்தவள் நான். என் பிள்ளையை நான் பார்த்துக்கொள்ள அரசு ஒரு வருடச் சம்பளம் கொடுத்தது. அதே பிள்ளையை இன்னொருத்தி பார்த்துக்கொண்டபோது, அவள் பெற்ற தாய் செத்ததற்கு நான் 865 ரூபாய் பிடித்தேன்.

பால்காரர் கணக்குத்தான் என்னைக் கெடுத்தது என்று நினைக்கிறேன். நான் வாங்காத பாலை அவர் இன்னொரு வீட்டுக்கு ஊற்றிவிடலாம், அல்லது டீக்கடைக்குக் கொடுக்கலாம். பிள்ளை வராத நாளை ஆயா யாரிடம் விற்க முடியும்? என் மகளுடைய தூளி அங்கே காலியாகத் தொங்குகிறது. அவள் இடத்தில் ஒருநாளைக்கு மட்டும் வேறொரு பிள்ளையைப் போட்டுக்கொள்ள முடியாது. அவர் விற்பது மணிக்கணக்கை அல்ல, ஓர் இடத்தை. பள்ளி வேன்காரருக்கு இது தெரியும். பிள்ளை ஒரு வாரம் காய்ச்சலில் கிடந்தாலும் வேன் கட்டணம் குறையாது, நாமும் கேட்பதில்லை. வீட்டு வாடகையும் அப்படியே. ஊருக்குப் போனேன் என்று பத்து நாள் வாடகையை யாரும் கழிப்பதில்லை. வண்டிக்கும் வீட்டுக்கும் ஒத்துக்கொண்ட நியாயத்தை ஒரு மனுஷிக்கு நான் ஒத்துக்கொள்ளவில்லை.

சட்டத்தில் என்ன இருக்கிறது என்று தேடிப் பார்த்தேன். தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் 1947-ம் ஆண்டிலிருந்து இருக்கிறது. அதன்படி கடையில் வேலை செய்கிறவருக்கு ஓராண்டு முடிந்தால் சம்பளத்தோடு பன்னிரண்டு நாள் விடுமுறை, நோய்க்குப் பன்னிரண்டு நாள், தக்க காரணத்துக்காகப் பன்னிரண்டு நாள். 1958-ம் ஆண்டுச் சட்டமொன்று ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நாட்களோடு ஐந்து பண்டிகை நாட்களையும் சேர்த்து ஒன்பது நாள் சம்பளத்தோடு விடுமுறை தரச் சொல்கிறது. ஆனால் ஆயாவின் ஓட்டு வீடு கடையும் இல்லை, நிறுவனமும் இல்லை. வீட்டு வேலைத் தொழிலாளர்களுக்குத் தமிழ்நாட்டில் 2007-ல் நலவாரியம் அமைந்தது. கல்வி உதவி, திருமண உதவி, ஓய்வூதியம் என்று பல உண்டு. லீவு கொடுக்க வாரியத்தால் முடியாது, அதை வேலை கொடுக்கிறவர்தான் கொடுக்கவேண்டும். ஆயாவுக்கு வேலை கொடுத்தவர் யார்? நான்கு வீட்டில் யாரைச் சொல்வது? உலகத் தொழிலாளர் அமைப்பு 2011-ல் வீட்டு வேலைத் தொழிலாளர்களுக்கென்று 189-ஆவது உடன்படிக்கையைக் கொண்டுவந்து, வாரம் தொடர்ச்சியாக 24 மணி நேரமாவது ஓய்வு வேண்டும் என்றது. இந்தியா அதை இன்னும் ஏற்று உறுதிசெய்யவில்லை.

அங்கன்வாடி ஆயாக்கள் கதையும் இதற்கு வெகு தூரத்தில் இல்லை. ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் 1975 அக்டோபர் 2 அன்று தொடங்கியது. அன்றிலிருந்து அங்கன்வாடிப் பெண்கள் வாங்குவதற்குச் சம்பளம் என்று பெயர் இல்லை, மதிப்பூதியம். அவர்கள் ஊழியர்கள் இல்லை, தன்னார்வத் தொண்டர்கள். பள்ளிக்கூடத்துக்கு மே மாதம் முழுக்க விடுமுறை, எங்களுக்கும் கொடுங்கள் என்று தமிழ்நாட்டில் சங்கம் வைத்துப் போராடிப் பதினைந்து நாள் வாங்கினார்கள். 2022 ஏப்ரல் 25 அன்று உச்ச நீதிமன்றம், குஜராத் அங்கன்வாடிப் பெண்கள் தொடுத்த வழக்கில், இவர்களுக்குப் பணிக்கொடை உண்டு என்று தீர்ப்பளித்தது. தொண்டு என்று சொல்லிவிட்டுச் சட்டத்தின் பலனை மறுக்க முடியாது என்பது அதன் சாரம். சங்கம் இருக்கிற இடத்திலேயே இவ்வளவு காலம் பிடித்தது. தெற்கு வீதிக்குப் பின்னால் தனியாக ஒரு திண்ணையில் உட்கார்ந்திருப்பவருக்கு எந்தச் சங்கம்?

பிற நாடுகளில் எப்படி என்றும் பார்த்தேன். பிரான்சில் தன் வீட்டில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற பெண்ணுக்குப் பெற்றோர் ஒவ்வொருவரும் தனித்தனி முதலாளி. வேலை செய்த ஒவ்வொரு மாதத்துக்கும் இரண்டரை நாள் சம்பள விடுப்பு சேரும், ஆண்டுக்கு முப்பது நாள். தேதியில் பெற்றோர்களுக்குள் ஒத்துவரவில்லை என்றால் அவரே முடிவு செய்துகொள்ளலாம். அமெரிக்காவில் அப்படிச் சட்டம் இல்லை. ஆனால் அங்கே வீட்டில் பிள்ளை பார்க்கிறவர்கள் முதல் நாளே ஒரு தாளைக் கொடுத்துவிடுகிறார்களாம். இன்னின்ன நாள் மூடியிருக்கும், அதற்கும் காசு உண்டு, இஷ்டமென்றால் கையெழுத்துப் போடு. அந்தத் தாள் என் மண்டையில் உட்கார்ந்துகொண்டது.

மார்கழியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மற்ற மூன்று வீட்டுக்காரர்களையும் வரச்சொன்னேன். ஒருவர் தனியார் ஆஸ்பத்திரி நர்ஸ். ஒருவர் கூட்டுறவு சங்கத்தில் வேலை பார்க்கும் தம்பி. இன்னொரு பெண் ஜவுளிக்கடையில் சேல்ஸ் வேலை, அவளுடைய பிள்ளைதான் மே மாதமும் வந்துகொண்டிருந்தது. அவளிடம் மட்டும் ஆயா 1,500 வாங்கினார்.

தம்பி சொன்னார்: "டீச்சர், ஒரு முந்நூறு ஏத்திக் கொடுத்துடலாம். லீவு கீவுன்னு எழுதி வெச்சா நாளைக்கு அவங்க இஷ்டத்துக்குப் பூட்டிட்டுப் போயிடுவாங்க. நாம எங்க போறது?" அவர் பயம் நியாயமானதுதான். ஆனால் காசை ஏற்றினாலும் காய்ச்சல் வந்தால் அவர் எழுந்துதானே வரவேண்டும்?

ஜவுளிக்கடைப் பெண் கடைசிவரை பேசவில்லை. கிளம்பும்போது சொன்னாள்: "அக்கா, நீங்க சொல்றதெல்லாம் சரி. எனக்கே ஒருநாள் போகலன்னா சம்பளத்துல பிடிக்கிறாங்க. என் லீவுக்கு எனக்குக் காசு இல்ல. ஆயா லீவுக்கு நான் காசும் கொடுத்து, அன்னிக்கு வேலைக்கும் போகாம இருந்தா எனக்கு ரெண்டு பக்கமும் அடி." எனக்குப் பதில் இல்லை. 1947-ம் ஆண்டுச் சட்டம் அவளுக்காகத்தான் எழுதப்பட்டது என்று சொல்ல வாயெடுத்தேன். அதைச் சொல்லி அவளுக்கு என்ன பயன்? மூடிக்கொண்டேன்.

ஆயாவிடம் போனபோது இன்னொரு திகைப்பு. அவர் சந்தோஷப்படவில்லை. கோபம் வந்தது.

"நான் என்னா வேலைக்காரியா டீச்சர், லீவு எழுதி வாங்க? புள்ளைங்க என்னை ஆயான்னு கூப்பிடுது."

"பாட்டிக்கு நாங்க மாசம் ரெண்டாயிரத்து ஐந்நூறு கொடுக்கிறதில்லையே ஆயா."

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். தூளியை ஒருமுறை ஆட்டிவிட்டார். "எழுதிட்டா, அத பாத்துட்டு வேற எடத்துல கொண்டுபோய் விட்டுடுவாங்க" என்றார் மெதுவாக. கோபத்துக்குக் கீழே இருந்தது அந்தப் பயம்தான்.

ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கிப்போய் இருவரும் உட்கார்ந்தோம். ஞாயிறு விடுமுறை. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, பொங்கல் மூன்று நாள், ஆயுத பூஜை, தீபாவளி ஆக ஒன்பது நாள். இது தவிர ஆண்டுக்குப் பன்னிரண்டு நாள் அவர் இஷ்டம், முடிந்தால் முதல்நாள் சொல்லவேண்டும், காரணம் சொல்லவேண்டாம். நோய்க்குப் பன்னிரண்டு நாள், டாக்டர் சீட்டு வேண்டாம். வீட்டில் சாவு என்றால் பத்து நாள் தனி. இந்த வரியை எழுதும்போது நான் நோட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. இவை எல்லாவற்றுக்கும் காசு பிடிப்பதில்லை. பிள்ளை வராவிட்டாலும் பிடிப்பதில்லை. மே மாதம் பிள்ளையை அனுப்பாதவர்கள் பாதிச் சம்பளம் கொடுக்கவேண்டும்.

"நான் ஒண்ணு சொல்லவா?" என்றார். "புள்ளைக்குக் காச்சல்னா அனுப்பக் கூடாதுன்னு எழுதுங்க. காலையில மருந்த ஊத்திட்டு நல்லாருக்குன்னு விட்டுட்டுப் போயிடுறீங்க. பதினோரு மணிக்கு மருந்து வேகம் எறங்கிப் போவுது, அனலா கொதிக்குது. அப்புறம் நாலு புள்ளைக்கும் வந்துடுது, எனக்கும் வந்துடுது." நானும் அப்படி விட்டுவிட்டுப் போனவள்தான். எழுதினேன். "ஆறு மணிக்குள்ள வந்து கூட்டிக்கணும். அதையும் எழுதுங்க." அதையும் எழுதினேன். ஜவுளிக்கடைப் பெண்ணைப் பற்றிக் கேட்டபோது யோசிக்காமல் சொன்னார்: "அதுகிட்ட லீவுக்குக் காசு வாங்க மாட்டேன். அது பொழப்பும் என் பொழப்பும் ஒண்ணுதான்." அந்தப் பங்கை மற்ற மூன்று வீடும் பிரித்துக்கொள்வது என்று முடிவானது. தம்பி கொஞ்சம் முனகினார். பன்னிரண்டு நாளுக்கு நான் கொடுக்கப்போவது வருடத்துக்கு 1,154 ரூபாய் என்று கணக்குப் போட்டுக் காட்டினேன். அவருக்கும் அவ்வளவுதான். ஜவுளிக்கடைப் பெண்ணின் பங்கு சேர்ந்தால் ஆளுக்கு இன்னும் 231. நோட்டை இரண்டு முறை படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

ஜனவரி முதல் தேதி ஒரு கவரில் 865 ரூபாய் வைத்துக் கொடுத்தேன். ஆவணியில் பிடித்தது என்றேன். அவருக்கு உடனே நினைவு வரவில்லை. வந்ததும், "நீங்க பிடிச்சது சரின்னுதான் நான் நெனச்சிருந்தேன் டீச்சர். வரலன்னா காசு இல்ல, அதுதான வழக்கம்" என்றார். அவர் என்னைத் திட்டியிருந்தால் தேவலையாக இருந்திருக்கும்.

மாசி மாதம் முதல் லீவைக் கேட்டார். மாசி மகத்துக்கு எங்கள் ஊர் பூவராகப் பெருமாள் கிள்ளைக் கடற்கரைக்குத் தீர்த்தவாரிக்குப் போவார். வழியெல்லாம் ஊர்கள் கூடும். கிள்ளையில் இஸ்லாமியர்கள் பெருமாளை வரவேற்று மரியாதை செய்வது பல தலைமுறை வழக்கம். ஆயா கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்த நாளிலிருந்து கிள்ளைக்குப் போய்க்கொண்டிருந்தவர், பிள்ளைகளைப் பார்க்கத் தொடங்கியபின் ஆறு வருடமாகப் போகவில்லை. "பெருமாளே ஊர விட்டுக் கெளம்புறாரு, நான் இங்க தூளி ஆட்டிக்கிட்டிருந்தேன்" என்றார். நான் என் பன்னிரண்டில் ஒரு நாளைப் போட்டுவிட்டு வீட்டில் இருந்தேன். காலண்டரில் பெருக்கல் குறி போடக் கை போனது. நிறுத்திக்கொண்டேன்.

கார்த்திகை மாதக் கடைசியில் நோட்டை எடுத்துப் பார்த்தோம். பன்னிரண்டில் ஐந்து நாள்தான் எடுத்திருந்தார். "மிச்சம் ஏழ அடுத்த வருசத்துல ஏத்திக்கலாமா டீச்சர்?" என்று கேட்டார். "முடியாது ஆயா. எங்களுக்கே தற்செயல் விடுப்பு டிசம்பர் 31 தாண்டினா போச்சு. எடுத்தே ஆகணும்" என்றேன்.

விளையாட்டாகச் சொல்லவில்லை, ஆனால் அவர் இவ்வளவு பொருட்படுத்துவார் என்றும் நினைக்கவில்லை. அரையாண்டுத் தேர்வு நடந்துகொண்டிருக்கும்போது ஏழு நாள் கதவைப் பூட்டிக்கொண்டு திருப்பூரில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போய்விட்டார். முதல்நாளே சொல்லிவிட்டார், காரணம் சொல்லவில்லை. நாங்கள் நான்கு வீட்டுக்காரர்களும் மறுபடி திண்டாடினோம். தம்பி போன் போட்டு, "நான் அன்னிக்கே சொன்னேன்ல டீச்சர்?" என்றார். சொன்னார்தான். கைவசம் என் லீவு ஒரு நாள் மிச்சமிருந்தது. நர்ஸ் இரவு ஷிப்டுக்கு மாற்றிக்கொண்டு இரண்டு பகல் நான்கு பிள்ளைகளையும் பார்த்தார். ஜவுளிக்கடைப் பெண்ணின் பிள்ளை மூன்று நாள் எங்கள் வீட்டில், என் மாமியாரிடம் இருந்தது.

மாதக் கடைசியில் 2,577 ரூபாய் கொடுத்தேன். என் முழுச் சம்பளப் பங்கும், ஜவுளிக்கடைப் பெண்ணின் பங்குக் கணக்கில் இதுவரை தராமல் வைத்திருந்த மீதியும். ஆயா இந்த முறை எண்ணிப் பார்த்துத்தான் வாங்கினார்.